பன்னிரண்டு மணிக்கு உச்சி வராத ஊர்

தினசரி நாட்காட்டியில் புதன்கிழமைத் தாளைக் கிழித்துப் பார்த்தால் ராகு காலம் 12 முதல் 1.30 வரை என்று இருக்கும். வெள்ளிக்கிழமைத் தாளில் 10.30 முதல் 12 வரை. ஒன்று உச்சிவேளையில் தொடங்குகிறது, இன்னொன்று உச்சிவேளையில் முடிகிறது. பழைய முறைப்படி, உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்க வேண்டும். நான்காம் பங்கு முடிந்து ஐந்தாம் பங்கு தொடங்கும் இடம் உச்சி. காலை ஆறுக்குப் பொழுது கிளம்பி மாலை ஆறுக்கு விழும் என்று வசதிக்காக வைத்துக்கொண்டதால் அந்த இடத்தில் 12 என்ற எண் வந்து உட்கார்ந்துவிட்டது.

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கும் ஜேடர்பாளையத்தில் இந்த எண் ஒரு நாளும் சரிவராது. பிப்ரவரி இரண்டாம் வாரத்துப் புதன்கிழமை ஒன்றில் அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கைபேசியில் மணி 12.32ஐத் தாண்டியிருக்கும். ராகு காலம் தொடங்கிவிட்டது என்று அரை மணி நேரமாக ஒரு நல்ல காரியத்தைத் தள்ளிப்போட்டவர், கணக்குப்படி பார்த்தால் நல்ல நேரத்தைத்தான் வீணாக்கியிருக்கிறார். நவம்பர் தொடக்கத்தில் உச்சி 12.02 வாக்கில் வரும். ஆண்டு முழுவதிலும் அதைவிட முந்தி வருவதே இல்லை. 1906ஆம் ஆண்டு முதல் இன்றுவரை ஜேடர்பாளையத்தில் கடிகாரம் 12 காட்டிய கணத்தில் சூரியன் உச்சியில் இருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது.

உச்சி என்பதற்கு வானியலில் துல்லியமான பொருள் உண்டு. நேர் வடக்கிலிருந்து நம் தலைக்கு மேலாக நேர் தெற்கு வரை வானத்தில் ஒரு கோடு கிழித்ததாக நினைத்துக்கொண்டால், சூரியன் அந்தக் கோட்டைக் கடக்கும் கணமே உச்சி. அன்றைக்கு நிழல் மிகக் குட்டையாக இருப்பதும் அப்போதுதான். கொங்குப் பக்கத்தில் பொழுதுக்குச் சொற்கள் ஏராளம். காலங்காத்தால, வெயில்தாழ, பொழுதோட என்று நாளை வெயிலாலேயே துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் நடுத்துண்டுக்கு உருமம் என்று பெயர். ‘உச்சி உருமத்துல தனியாப் போகாதே’ என்று பாட்டிமார் பிள்ளைகளை மிரட்டுவது இந்த நேரத்தை வைத்துத்தான். எல்லாமே அண்ணாந்து பார்த்துச் சொன்ன சொற்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் நூன். அரசுப் பள்ளியிலும் மெட்ரிக் பள்ளியிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் எழுந்து நின்று ராகம் போட்டு ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்கிறார்களே, அதில் உள்ள நூன்தான். அந்தச் சொல்லுக்குள் சூரியனும் இல்லை, நடுவும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. அதற்குள் ஒளிந்திருப்பது ஒன்பது.

லத்தீன் மொழியில் நோனா என்றால் ஒன்பதாவது. நோனா ஹோரா, ஒன்பதாம் மணி. ரோமானியர்கள் நம் பஞ்சாங்கக்காரர்களைப் போலவே உதயத்திலிருந்து பகலை எண்ணினார்கள். நாம் பகலுக்கு முப்பது நாழிகை வைத்தோம், அவர்கள் பன்னிரண்டு மணி வைத்தார்கள். ஆறாம் மணி முடிந்தால் உச்சி. ஒன்பதாம் மணி முடிந்தால் இன்றைய கணக்கில் பிற்பகல் மூன்றை ஒட்டிய நேரம். நாழிகையில் சொன்னால் இருபத்திரண்டரை, அதாவது பகலின் மூன்றாம் சாமம் முடியும் இடம்.

கிறிஸ்தவ வாசகர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. விவிலியத்தில் சிலுவைப்பாடு ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்றுதான் சொல்லப்படுகிறது. புனித வெள்ளியன்று தமிழ்நாட்டுத் தேவாலயங்கள் பலவற்றில் மும்மணி தியான ஆராதனை பகல் 12 முதல் 3 வரை நடப்பதற்குக் காரணம் அதுவே. ஆறாம் மணிக்கு 12, ஒன்பதாம் மணிக்கு 3. அதே ஒன்பதாம் மணியின் பெயர்தான் ஆங்கிலத்தில் பகல் பன்னிரண்டைக் குறிக்கிறது. ஒரே நோனா ஆராதனையில் மூன்று மணியாகவும் அகராதியில் பன்னிரண்டு மணியாகவும் இருக்கிறது.

அது எப்படி மூன்று மணி நேரம் முன்னால் நகர்ந்தது என்பதுதான் வேடிக்கையான கதை. காரணம் பசி என்று பலர் சொல்வார்கள். முழுக்க அப்படி இல்லை, ஆனால் பசிக்கும் அதில் பங்கு உண்டு.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவு மடங்களுக்கு ஒழுங்குமுறை எழுதியவர் புனித பெனடிக்ட். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை ஆசீர்வாதப்பர் என்பார்கள். நாளை ஜெப வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மணி எண்ணால் அழைப்பது அந்த மடங்களின் வழக்கம். முதல் மணி ஜெபம், மூன்றாம் மணி ஜெபம், ஆறாம் மணி ஜெபம், ஒன்பதாம் மணி ஜெபம். செப்டம்பர் நடுவிலிருந்து தவக்காலம் தொடங்கும்வரை துறவிகள் ஒன்பதாம் மணி ஜெபம் முடிந்த பிறகே சாப்பிட வேண்டும் என்பது விதி. கோடையில் புதனும் வெள்ளியும் அப்படியே. ஆனால் பெனடிக்ட் கல்நெஞ்சக்காரர் அல்ல. வயல் வேலை கடுமையாக இருந்தாலோ வெயில் கொளுத்தினாலோ ஆறாம் மணிக்கே சாப்பாடு போடலாம் என்று மடத்தலைவருக்கு இடம் கொடுத்திருக்கிறார். அதைவிட முக்கியமாக, கோடைகால வேலை நேரத்தைச் சொல்லும் அதிகாரத்தில், ஒன்பதாம் மணி ஜெபத்தைக் கொஞ்சம் முன்னதாக, எட்டாம் மணியின் நடுவிலேயே சொல்லிவிட்டு மறுபடி வேலைக்குப் போகலாம் என்கிறார். எட்டாம் மணியின் நடு என்றால் ஒன்றரை மணி வாக்கில். சட்டம் எழுதியவர் கையாலேயே சொல்லின் முதல் அசைவு தொடங்கிவிட்டது.

பிறகு அது நிற்கவில்லை. நோன்பு முறிக்கும் வேளை ஜெபத்தோடு கட்டப்பட்டிருந்ததால், சாப்பாட்டை முன்னால் கொண்டுவர வேண்டுமானால் ஜெபத்தையும் முன்னால் இழுக்க வேண்டும். சாப்பாடு விதியை மீறக் கூடாது, அதனால் விதியின் மணியையே முன்னால் அடித்துவிடுவது. நம் ஊரில் நல்ல நேரம் முடிவதற்குள் தாலி கட்ட வேண்டும் என்று மண்டபத்துக் கடிகாரத்தையே திருப்பி வைக்கிற சாமர்த்தியம் இது.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் வேறொரு காரணத்தையும் காட்டுகிறார். பத்தாம் நூற்றாண்டுக்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடையில் ஒன்பதாம் மணி மெல்ல மெல்ல உச்சிக்கு வந்து சேர்ந்தது. அது மடத்துக்குள் மட்டும் நடந்த விஷயமல்ல என்பது அவர் வாதம். நகரங்கள் பெருத்தன, கட்டட வேலைக்கும் நெசவுக்கும் கூலியாட்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நாளை இரண்டாக வெட்டும் ஓர் இடைவேளை தேவைப்பட்டது. கோயில் மணி ஒலித்த நேரமே வேலை நிறுத்திச் சாப்பிடும் நேரமானது. துறவியின் பசியைவிடக் கூலியாளின் இடைவேளை வலுவான காரணம் என்றே தோன்றுகிறது. பட்டினி கிடப்பதை விரதமாக ஏற்றவர் பொறுத்துக்கொள்வார். கல் சுமப்பவருக்கு மூன்று மணி வரை சோறில்லை என்றால் வேலை ஓடாது.

இத்தாலியக் கவி தாந்தே பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘விருந்து’ என்ற உரைநடை நூலில், ஒன்பதாம் மணி ஜெபத்துக்கு மணி அடிக்க வேண்டியது பகலின் ஏழாம் மணி தொடங்கும்போதுதான் என்று விளக்கம் சொல்கிறார். ஏழாம் மணியின் தொடக்கம் என்றால் உச்சி. அதற்குள் விதிவிலக்கே விதியாகிவிட்டிருந்தது. பழைய ஆங்கிலத்தில் மூன்று மணியைக் குறித்த நோன், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நூனாகி, பன்னிரண்டு மணியில் நிலைத்தது. ஸ்பானிய மொழியில் அண்ணன் முறையுள்ள சொல் ஒன்று இடம் மாறாமல் தப்பித்தது. செக்ஸ்டா, அதாவது ஆறாம் மணி, அங்கே சியஸ்டா ஆனது. உண்ட களைப்பில் போடும் மதியத் தூக்கத்துக்கு அந்தப் பெயர்.

ஒன்பதாம் மணிக்கு ஒரு நிலையான கடிகார நேரம் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பகல் நீண்டால் மணியும் நீளும். ரோமில் ஜூன் மாதத்துப் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் கோடையில் ஒரு மணி என்பது இன்றைய 76 நிமிடம், குளிர்காலத்தில் 46 நிமிடம். ஒன்பதாம் மணி முடிவது டிசம்பரில் இரண்டே காலுக்கு, ஜூனில் மூன்றே முக்காலுக்கு. பூமத்திய ரேகையிலிருந்து வெறும் 11 பாகை தள்ளி இருக்கும் ஜேடர்பாளையத்தில் இந்த ஆட்டம் மிகக் குறைவு. நீண்ட பகல் 12 மணி 46 நிமிடம், குறுகிய பகல் 11 மணி 28 நிமிடம். ரோமானிய மணியை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தால் ஆண்டு முழுவதும் அது 57 நிமிடத்துக்கும் 64 நிமிடத்துக்கும் இடையில்தான் அசைந்திருக்கும். பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரக் கோபுரங்களில் பல்சக்கரக் கடிகாரங்கள் ஏறியபோது எல்லா மணியும் சம அளவாயிற்று. அதன்பின் நூன் என்றால் முள் மேலே நிற்பது என்று ஆனது.

முள் மேலே நிற்பதும் சூரியன் மேலே நிற்பதும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. இதில் இரண்டு குறுக்கீடுகள் உண்டு. ஒன்று வானத்தினுடையது, மற்றது அரசாங்கத்தினுடையது.

வானத்தின் குறுக்கீட்டை முதலில் பார்க்கலாம். ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை. பூமி தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையில் சுமார் ஒரு பாகை நகர்ந்துவிடுகிறது. மறுபடி அதே ஊர் சூரியனுக்கு நேராக வர இன்னும் ஏறக்குறைய நான்கு நிமிடம் கூடுதலாகச் சுழல வேண்டும். அந்தக் கூடுதல் தினமும் ஒரே அளவாக இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் பூமியின் பாதை சற்றே நீள்வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகில் வரும்போது பூமி வேகமாக ஓடுகிறது, ஜூலையில் மெதுவாக ஓடுகிறது. போதாக்குறைக்கு பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து, டிசம்பர் கடைசியில் ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை 24 மணி நேரத்தோடு அரை நிமிடம் கூடிவிடுகிறது. செப்டம்பர் நடுவில் இருபது விநாடி குறைகிறது. ஒரு நாளைக்கு இது அற்பம். வாரக் கணக்கில் சேர்ந்தால் பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பிந்துகிறது, நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்கு மேல் முந்துகிறது. கும்பகோணம் அருகே திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் பதித்த சூரியக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லையே என்று உதடு பிதுக்குகிறவர்கள் உண்டு. அந்தக் கல் பொய் சொல்வதில்லை. அது சூரியனைச் சொல்கிறது.

அரசாங்கத்தின் குறுக்கீடு சென்னையில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானியல் நோக்குக்கூடம் ஒன்றைக் கட்டியது. அதைக் கட்டுவித்த மைக்கேல் டாப்பிங்கின் பெயர் தாங்கிய கருங்கல் தூணில் லத்தீனோடு தமிழ், தெலுங்கு எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே வானியலராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையை அளந்து, கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் என்று கணக்கிட்டார். அதுதான் மெட்ராஸ் டைம். 1860களில் சேலம், ஈரோடு வழியாக இருப்புப்பாதை மேற்குக் கடற்கரையை நோக்கி நீண்டபோது ரயில் அந்த நேரத்தைச் சுமந்துகொண்டு வந்தது. பிறகு இந்தியா முழுவதும் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. காரணம் எளியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையில் சென்னையின் நேரம் நடுவாக அமைந்திருந்தது.

சென்னைக்கு மேற்கே இருக்கும் ஜேடர்பாளையத்தில் உச்சி ஒன்பது நிமிடம் பிந்தி வரும். மெட்ராஸ் டைம் ஓடிய காலத்தில் அங்கே சராசரி உச்சி 12.09. நவம்பரில் 11.53, பிப்ரவரியில் 12.23. அந்த ஏற்ற இறக்கத்தில் ஆண்டுக்கு இருமுறையாவது முள்ளும் சூரியனும் சந்தித்துக்கொண்டன. 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று அறிவிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் அருகேயும் ஆந்திரத்துக் காக்கிநாடா அருகேயும் செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகை நாட்டுக்கே உச்சிக்கோடானது. ஜேடர்பாளையம் இருப்பது ஏறக்குறைய 77.9 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் வித்தியாசம் 18 நிமிடத்துக்குச் சற்று மேல். சூரியன் அதிகபட்சம் முந்துவதே 16 நிமிடச் சொச்சம். மீதி இரண்டு நிமிடத்தைச் சூரியனால் எட்டிப் பிடிக்கவே முடியாது. ஊரில் யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் நடந்த மாற்றம் இது. பம்பாயில் அப்படிச் சும்மா விடவில்லை. மில் தொழிலாளர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள், நகராட்சியே பம்பாய் நேரத்தை விடாப்பிடியாகப் பல ஆண்டுகள் வைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இன்னொரு தள்ளு. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதிவரை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள். அந்த மூன்று ஆண்டுகள் காவிரிக் கரையில் உச்சி ஒரு மணிக்கு மேல்தான் வந்தது. மண்ணையும் மாட்டையும் கட்டி மேய்த்தவர்களுக்கு அது பெரிதாக உறைத்திருக்காது. ரயிலுக்கும் கச்சேரிக்கும் போனவர்களுக்குத்தான் குழப்பம்.

இலங்கையில் இது அரசியலாகவே ஆனது. 1996 மே மாதம் அங்கே மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தார்கள். விடுதலைப் புலிகள் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் இரண்டையும் ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். சோதனைச்சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும் என்ற நிலை. 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய ஐந்தரைக்கே திரும்பியது.

கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியின் உச்சகட்டத்தைப் பார்க்கச் சீனாவின் மேற்குக் கோடிக்குப் போக வேண்டும். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றுதான். அது 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. காஷ்கர் நகரம் இருப்பதோ 76 பாகையில், கிட்டத்தட்ட நம் கோயம்புத்தூருக்கு நேர் வடக்கே. அங்கே அரசுக் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் மூன்று மணிக்கு. பெனடிக்டின் மடத்தில் நோனா ஜெபத்துக்குச் சேர்ந்த நேரம் எதுவோ, அதே எண்ணில் அங்கே உச்சி விழுகிறது. மக்கள் அன்றாடப் புழக்கத்தில் இரண்டு மணி நேரம் குறைத்து உள்ளூர் நேரம் என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உண்மையான உச்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளிவாசல்களில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைக் கவனித்தால் தெரியும். லுஹர் தொழுகையின் வேளை சூரியன் உச்சி சாய்ந்த பிறகே தொடங்குகிறது. அதனால் அந்த அட்டவணையில் லுஹரின் தொடக்கம் பிப்ரவரியில் பன்னிரண்டரையைத் தாண்டியும் நவம்பரில் பன்னிரண்டை ஒட்டியும் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கட்டங்களைத் தேதிவாரியாகப் பார்த்துக்கொண்டே போனால் பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் எண்களாக எழுதி வைத்திருப்பது புலப்படும். கோயில்களில் உச்சிக்கால பூஜை பெரும்பாலும் கடிகாரத்தை நம்பிப் பன்னிரண்டுக்கே வந்துவிட்டது. நல்ல பஞ்சாங்கங்கள் மட்டும் உதயாதி நாழிகையை விடவில்லை. பகலின் பதினைந்து முகூர்த்தங்களில் எட்டாவதான அபிஜித், உச்சியை நடுவில் வைத்து அமைவது. அதையும் 11.36 முதல் 12.24 என்று அச்சடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஜேடர்பாளையத்தில் பிப்ரவரி மாதம் அந்த நேரம் முடிந்த பிறகுதான் சூரியன் உச்சிக்கே வருகிறது.

வானியலாளர்களும் நெடுங்காலம் உச்சியையே நாளின் தொடக்கமாக வைத்திருந்தார்கள். இரவு முழுவதும் விழித்து நோக்குகிறவருக்கு நள்ளிரவில் தேதி மாறினால் குறிப்பேடு குழம்பும் அல்லவா. 1925ஆம் ஆண்டு முதல்தான் அவர்களின் பஞ்சாங்கங்கள் நள்ளிரவுக்கு மாறின. நாட்களை வரிசையாக எண்ணும் ஜூலியன் நாள் கணக்கு மட்டும் இன்னமும் நண்பகலில்தான் புரளுகிறது.

தமிழில் உச்சியை அளந்ததற்குப் பழைய சான்று நெடுநல்வாடையில் இருக்கிறது. அரண்மனை கட்ட நிலத்தில் திசை குறிக்கும்போது, இரண்டு கோல்களை நட்டு, அரைநாள் வேளையில் அவற்றின் நிழலைப் பார்த்து, நூல் பிடித்ததாக நக்கீரர் சொல்கிறார். உரையெழுதிய நச்சினார்க்கினியர் அது சித்திரை மாதத்தில் பதினைந்தாம் நாழிகையில் செய்வது என்று விளக்குகிறார். பதினைந்தாம் நாழிகை உச்சி என்பது புரிகிறது. சித்திரை ஏன் என்பதற்கு விடை வானத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்களின் தலைக்கு மேல் சூரியன் நேர் செங்குத்தாக வந்து நிற்பது சித்திரையை ஒட்டியும் ஆவணியை ஒட்டியும்தான். அன்றைக்கு உச்சியில் நட்ட கோலுக்கு நிழல் எந்தப் பக்கமும் விழாது. இன்று அறிவியல் இயக்கத்தினர் நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் செய்துகாட்டுவது இதைத்தான்.

ஜேடர்பாளையத்துக்கு அந்த நாள் ஏப்ரல் 19 வாக்கிலும், ஆகஸ்ட் 23 அல்லது 24ஆம் தேதியிலும் வரும். அணைக்கட்டுப் பூங்காவுக்கும் வறுத்த ஆற்று மீனுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேரும் ஊர் அது. அங்கிருந்து பிரியும் ராஜா வாய்க்கால், அல்லாள இளைய நாயகர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்துக் கரும்புக்கும் வாழைக்கும் வெற்றிலைக்கும் தண்ணீர் கொண்டுபோகிறது. அணைக்கருகே சமதரையில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டால் போதும். ஏப்ரல் 19 அன்று கைபேசி 12.00 காட்டும்போது குச்சியின் நிழல் மேற்கே ஏழரை சென்டிமீட்டர் நீண்டிருக்கும். அதன்பின் நிமிடத்துக்கு நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்கிக்கொண்டே வரும். 12.17 தாண்டி அரை நிமிடத்தில் குச்சியின் அடிக்குள் புகுந்துவிடும். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் கிழக்கே எட்டிப் பார்க்கும். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் 23 வரை அங்கே சூரியன் உச்சிக்கு வருவது தலைக்கு வடக்கே. நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று மீட்டர் குச்சிக்கு 22 சென்டிமீட்டர். டிசம்பர் 21 அன்று வடக்கே 69 சென்டிமீட்டர்.

மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் உச்சியைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி தேவையில்லை. ஊரின் தீர்க்கரேகையை 82.5இலிருந்து கழித்து நான்கால் பெருக்கினால், 12 மணிக்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் சராசரி உச்சி என்று வந்துவிடும். சென்னைக்கு 9, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் 17, ஈரோட்டுக்கு 19, கோவைக்கு 22. பிப்ரவரி நடுவில் அதோடு 14 கூட்ட வேண்டும், நவம்பர் தொடக்கத்தில் 16 கழிக்க வேண்டும். 78.4 பாகைதான் எல்லை. அதற்குக் கிழக்கே உள்ள திருச்சி, ராமநாதபுரம், விழுப்புரம், சென்னை போன்ற ஊர்களில் ஆண்டுக்குச் சில நாள் கடிகாரமும் சூரியனும் பன்னிரண்டில் சந்தித்துக்கொள்ளும். மேற்கே உள்ள கோவை, ஈரோடு, சேலம், தருமபுரி, நாமக்கல், மதுரை, திண்டுக்கல், தூத்துக்குடி எல்லாமே ஜேடர்பாளையத்தின் கட்சி.

கோடை விடுமுறை தொடங்கும் முன் வந்தால் ஏப்ரல் மாதத்து நிழலில்லா நாள் பள்ளிகளுக்கு வாய்க்கும், ஆகஸ்ட் நாளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆசிரியர்கள் ஒரு குச்சியும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போகலாம். சேலத்துக்கு ஆகஸ்ட் 22 வாக்கில், சென்னைக்கு ஆகஸ்ட் 18 வாக்கில், கன்னியாகுமரிக்குச் செப்டம்பர் 1 வாக்கில். மணி அடிக்கும் நேரத்துக்குப் போகாமல் கணக்குப் போட்ட நேரத்துக்குப் போக வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.